பூட்டு போட்ட பிறகும் வெளியே கிடந்த ரசீதுகள்

வாரண்டியில் மாற்ற வேண்டிய ஒரு டிஸ்க்கில் தொடங்கியது இந்தக் கதை. எங்கள் கிளஸ்டரின், அதாவது சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டத்தின், மூன்றாவது சர்வரில் இருந்த எஸ்எஸ்டி, ஆயுள் முடியப்போகிறது என்று எச்சரித்துக்கொண்டே இருந்தது. புது டிஸ்க் வந்துவிட்டது. பழையதைத் திருப்பி அனுப்பினால்தான் கணக்கு முடியும் என்பது விற்றவரின் நிபந்தனை. சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி அதை உறையில் சுற்றிவிட்டு, டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்:

“அண்ணா, இதை அழிச்சுட்டு அனுப்பணுமா? என்கிரிப்ஷன்தான் போட்டிருக்கோமே, அப்படியே அனுப்பிடலாம்ல?”

போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. போட்டது நான்தான். தணிக்கைக்கு வந்த மேடம் நீட்டிய படிவத்தில், டிஸ்க்கில் உள்ள தரவு குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது, அதுதான் என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு நேராக ‘ஆம்’ என்று டிக் அடித்ததும் நான்தான். அதனால் “அனுப்பிடு” என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனோ வாய் வரவில்லை. “அரை மணி நேரம் குடுப்பா” என்றேன்.

மேசையில் சும்மா கிடந்த பழைய கணினியில் அந்த டிஸ்க்கை மாட்டி, படிக்க மட்டும் முடிகிற மாதிரி மவுண்ட் செய்து, டேட்டாபேஸ் கோப்புகள்மேல் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளையை ஓடவிட்டேன். பைனரி கோப்புக்குள் படிக்கக்கூடிய எழுத்து வரிசை எது இருந்தாலும் பொறுக்கித் திரையில் கொட்டுகிற பழைய யுனிக்ஸ் கட்டளை அது. குறியாக்கம் ஆன கோப்பில் நான்கைந்து எழுத்துக் குப்பைகளைத் தவிர வேறொன்றும் வராது. முதல் சில கோப்புகளில் அப்படித்தான் வந்தது. அடுத்து ஒரு கோப்பில் ஒன்பதில் தொடங்கும் பத்து இலக்க எண் ஒன்று வந்தது. அதன் கீழே ஐந்தாறு இலக்கத் துண்டுகள் வரிசையாக. பிறகு ஆங்கில எழுத்தில் ஒரு பெண் பெயர், ஓர் ஊர்ப் பெயர், ‘செயின் 1, வளையல் 2’.

நாங்கள் நடத்தியது நகைக்கடன் கணக்கு மென்பொருள். அந்த வரி யாரோ ஒருவர் அடகு வைத்த நகையின் ரசீது.

துண்டு துண்டாக வந்ததற்குக் காரணம் பாதுகாப்பு இல்லை, சிக்கனம். வரிசைப்படுத்திய சாவிகளை (ஒவ்வொரு பதிவையும் தேடி எடுக்க உதவும் அடையாளம்; பூட்டும் சாவி வேறு) கோப்பில் எழுதும்போது முந்தைய சாவியோடு ஒத்துப்போகும் முன்பகுதியை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதுவார்கள். வழக்கமாகப் பதினாறு பதிவுக்கு ஒருமுறை முழுச் சாவியும் வரும். முழு எண்ணையும் கீழே உள்ள துண்டுகளையும் ஒட்டினால் பதினாறு பேரின் மொபைல் எண்ணும் கிடைத்துவிடும். பள்ளிக்கூடப் பையன் செய்கிற வேலை. ஒரு வேடிக்கை: பெயரைத் தமிழிலேயே பதிவு செய்திருந்த வாடிக்கையாளர்கள் பட்டியலில் வரவே இல்லை. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் பிடிக்கும். ஸ்ட்ரிங்ஸ் வழக்கமாகத் தேடுவதோ ஆங்கில எழுத்தும் எண்ணும் அடங்கிய ஆஸ்கி எழுத்துகளை. அவர்கள் தப்பியது அந்தக் கட்டளையின் கண்ணிலிருந்து மட்டும்தான்.

எட்டு மாதமாக என்னதான் நடந்தது

டேட்டாபேஸ் காக்ரோச்டிபி. ஐந்து சர்வர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க். தரவு முழுக்க ‘ரேஞ்ச்’ எனப்படும் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதி வெவ்வேறு சர்வரில் இருக்கும். அவற்றை ராஃப்ட் ஒத்திசைவு முறை ஒரே நிலையில் வைத்திருக்கும். குறியாக்கத்துக்கு இதில் எண்டர்பிரைஸ் உரிமம் வேண்டும். உரிமம் வாங்கி, சாவி உருவாக்கி, ஒவ்வொரு நோடாக (கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வர்) நிறுத்தி, புதிய அளபுருவோடு திரும்ப எழுப்பினோம். ‘இதுவரை சாவி எதுவும் இல்லை, வெறும் எழுத்துதான்’ என்று சொல்ல அதில் ‘ப்ளெய்ன்’ என்றொரு சொல் உண்டு. பழைய சாவி ப்ளெய்ன், புதிய சாவி இது என்று எழுதினால் போதும். ஒரு நாள் மதியத்துக்குள் ஐந்து நோடும் முடிந்தது. யாருக்கும் சேவை தடைபடவில்லை. கிளம்பும்போது நிம்மதியாகத்தான் கிளம்பினேன்.

சாவிகள் இரண்டு அடுக்கு. மேலே இருப்பது ஸ்டோர் கீ. அதை நாம் கோப்பாகக் கொடுக்கிறோம். கீழே இருப்பது டேட்டா கீ; டேட்டாபேஸ் தானே உருவாக்கி, ஸ்டோர் கீயால் பூட்டி, தன் டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்ளும். கோப்புகளைப் பூட்டுவது டேட்டா கீ. இயல்பாக வாரம் ஒருமுறை புது டேட்டா கீ பிறக்கும். டிகேவி போன்ற மற்ற பகிர்ந்த டேட்டாபேஸ்களிலும் இதே இரட்டை அடுக்குதான், அங்கும் இயல்பான சுழற்சி ஏழு நாள்தான். காரணம் எளிது: மேல் சாவியை மாற்றும்போது டெராபைட் கணக்கில் தரவைத் திரும்ப எழுத வேண்டாம், சாவிகளின் பட்டியல் இருக்கும் சின்னக் கோப்பை மட்டும் மாற்றிப் பூட்டினால் போதும்.

பூட்டும் முறை ஏஇஎஸ் என்ற பரவலான குறியாக்க முறை, சிடிஆர் என்ற பாணியில். பூட்டிய கோப்பும் பூட்டாத கோப்பும் ஒரே நீளம். கோப்பின் நடுவில் எந்த இடத்திலிருந்தும் நேரே படிக்கத் தொடங்கலாம். டேட்டாபேஸுக்கு இந்த இரண்டும் உயிர். எந்தக் கோப்பு எந்த டேட்டா கீயால், எந்தத் தொடக்க எண்ணோடு பூட்டப்பட்டது என்பதை ஒவ்வொரு நோடும் தனிப் பதிவேட்டில் வைத்திருக்கும். பதிவேட்டில் பெயரே இல்லாத கோப்பு என்றால் அது பூட்டாத கோப்பு.

நான் கவனிக்காமல் விட்டது இதைத்தான். குறியாக்கத்தை இயக்கிய நொடியில் டிஸ்க்கில் இருக்கும் கோப்புகளுக்கு எதுவும் நடப்பதில்லை. அடியில் இருக்கும் சேமிப்பு இயந்திரம் பெபிள். அதற்கு முன்பு ராக்ஸ்டிபி. இரண்டும் எல்எஸ்எம் மரம். அதில் எழுதிய கோப்பு எழுதியதுதான், திருத்தமே கிடையாது. புதிய பதிவுகள் புதிய கோப்பில் சேரும். அவ்வப்போது ‘காம்பாக்ஷன்’ வந்து, ஒன்றின்மேல் ஒன்று படியும் கோப்புகளை ஒன்றுகூட்டிப் புதிதாக எழுதிவிட்டுப் பழையதை நீக்கும். புதிதாக எழுதும்போதுதான் பூட்டு விழும். காக்ரோச்டிபியின் ஆவணமே இதைச் சொல்கிறது: பழைய கோப்புகளை வலிய மறுகுறியாக்கம் செய்வதில்லை, இயல்பான காம்பாக்ஷனுக்கு விட்டுவிடுகிறோம் என்று. நான் அதைப் படித்திருந்தேன். ‘கொஞ்ச நாளில் சுழன்றுவிடும்’ என்று எனக்கு நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

ஓடுகிற கடன்களின் டேபிள்கள் சில வாரங்களில் சுழன்றுவிட்டன, உண்மைதான். ஆனால் முடிந்துபோன கடன்களின் ரசீது டேபிளுக்குச் சாவியே ஆண்டும் மொபைல் எண்ணும் சேர்ந்ததுதான். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஆண்டுக்குள் இனி யார் எழுதப்போகிறார்கள்? புதிய எழுத்து எதுவும் மேலே வந்து படியாததால், மரத்தின் அடிமட்டத்தில் கிடந்த அந்தக் கோப்புகளைக் காம்பாக்ஷன் தொடவே இல்லை. எது அசையாமல் கிடக்கிறதோ அது பூட்டப்படாமலே கிடந்தது. ஓய்வில் இருக்கும் தரவைக் காப்பதாகப் பெயர் வாங்கிய வசதி, நிஜமாகவே ஓய்வெடுத்துக்கொண்டிருந்த தரவை மட்டும் விட்டுவிட்டது.

அந்த விழுக்காடு

“டாஷ்போர்டில் தெரியாதா?” என்று எங்கள் மேலாளர் கேட்டார். தெரியும், சார். தெரிந்தும் புரியவில்லை.

நிர்வாகத் திரையில் ஸ்டோர் அறிக்கை என்று ஒன்று உண்டு. எந்த முறைக் குறியாக்கம், நடப்பு ஸ்டோர் கீயின் அடையாளம், நடப்பு டேட்டா கீயின் அடையாளம், கூடவே மொத்தக் கோப்புகளிலும் பைட்டுகளிலும் எத்தனை பங்கு நடப்பு டேட்டா கீயால் பூட்டப்பட்டிருக்கிறது என்பதும் வரும். கடைசி எண்ணைத்தான் நான் வாரா வாரம் பார்த்தேன். அது ஒருநாளும் நூறைத் தொட்டதில்லை. தொடவும் போவதில்லை, வாரத்துக்கு ஒரு புது டேட்டா கீ வந்துகொண்டிருக்கும்போது, போன வாரம் ஒழுங்காகப் பூட்டிய கோப்புகூட இந்த வாரம் ‘நடப்புச் சாவி இல்லை’ என்ற பக்கத்தில் போய் நிற்கும். ஆக நூறுக்குக் குறைந்த பங்கில் பழைய சாவியால் பூட்டியதும் இருக்கிறது, பூட்டே இல்லாததும் இருக்கிறது. இரண்டையும் அந்த ஓர் எண் பிரித்துக் காட்டாது. அது காட்டுவதாகச் சொல்வது சாவிச் சுழற்சியின் நிலையை. நான் அதில் தேடியதோ வேறொன்று. குறைவாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குறைவு உறுத்தவில்லை.

வேண்டிய விடை பதிவேட்டில் இருந்தது. டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் பட்டியலை ஒருபக்கமும் பதிவேட்டில் உள்ள பெயர்களை மறுபக்கமும் வைத்து ஒப்பிட்டால், பதிவேட்டில் இல்லாதவை எல்லாம் வெறும் எழுத்து. இருபது வரி ஸ்கிரிப்ட். அன்று இரவு எழுதினேன். எட்டு மாதத்துக்கு முன் எழுதியிருக்க வேண்டியது.

காலி டிஸ்க்கில் தொடங்குவது

பழைய கோப்புகளை வலுக்கட்டாயமாகக் காம்பாக்ஷன் செய்யலாமே என்று முதலில் பேச்சு வந்தது. செய்யலாம். ஆனால் அதன் பிறகும் டிஸ்க் சுத்தமாகாது. நீக்கிய கோப்பின் பைட்டுகள் எஸ்எஸ்டியின் உள்ளே எங்கே எவ்வளவு காலம் கிடக்கும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. தேய்மானத்தைச் சமன்படுத்த, எழுதும் இடத்தை அது தன்பாட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். கழற்றி வைத்த டிஸ்க்கில் கோப்பு முறைமையைத் தாண்டி, மூல டிஸ்க்கையே ஸ்ட்ரிங்ஸுக்குக் கொடுத்துப் பார்த்தேன். நீக்கப்பட்டுவிட்டதாக டேட்டாபேஸ் நம்பிய ரசீதுகளும் அங்கங்கே எட்டிப்பார்த்தன.

சாவியை அழித்தால் தரவு அழிந்த மாதிரிதான் என்று சொல்கிற முறை ஒன்று உண்டு. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட 800-88 வழிகாட்டியின் திருத்தப் பதிப்பு அதை ஏற்றது. அதே பதிப்பு ஒரு நிபந்தனையும் வைத்தது: குறியாக்கம் இயக்குவதற்கு முன்பே அந்தச் சாதனத்தில் முக்கியத் தரவு வெறுமனே எழுதப்பட்டு, அது சுத்தம் செய்யப்படாமல் இருந்தால் இந்த முறையை நம்பாதே. எங்கள் ஐந்து டிஸ்க்கும் அந்தக் கணக்கில்தான் வந்தன.

பகிர்ந்த டேட்டாபேஸில் இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. முதல் பைட்டிலிருந்தே குறியாக்கம் இயங்கும் காலி டிஸ்க்கோடு புது நோடு ஒன்றைச் சேர். பழைய நோடு ஒன்றை டீகமிஷன் செய், அதாவது கிளஸ்டரிலிருந்து விலக்கு. அதில் இருந்த பிரதிகள் மற்ற நோடுகளுக்கு நகரும். கழன்றுவந்த டிஸ்க்கை ஒதுக்கு. அடுத்த நோடு. இப்படி ஐந்து சுற்று.

குறியாக்கம் எந்த அடுக்கில் நடக்கிறது என்று எனக்குத் தெளிவாகப் பிடிபட்டது இந்த நகர்வைப் பார்த்தபோதுதான். பூட்டிய கோப்பு அப்படியே நகர்வதில்லை. ஒரு ரேஞ்ச் இடம் மாறும்போது, அனுப்பும் நோடு தன் டிஸ்க்கிலிருந்து படிக்கையில் பூட்டு திறக்கிறது. நினைவகத்தில் அது வெறும் எழுத்து. கம்பியில் டிஎல்எஸ் என்ற வலைப்பின்னல் குறியாக்கம் காக்கிறது. வாங்கும் நோடு தன்னுடைய டேட்டா கீயால் மறுபடி பூட்டி எழுதுகிறது. ஒரே ரசீதின் மூன்று பிரதியும் மூன்று டிஸ்க்கில் மூன்று வெவ்வேறு பைட் வரிசையாக இருக்கும். நோடுகளுக்குள் சாவி பரிமாற்றமே கிடையாது. ஒரு நோடில் மட்டும் குறியாக்க அளபுருவைப் போட மறந்தாலும் கிளஸ்டர் முகம் சுளிக்காது. அதே ரசீதை மற்ற இருவரும் பூட்டி வைத்திருக்க, மூன்றாமவர் திறந்தபடி வைத்திருப்பார்.

நோடுக்கு ஒரு ஸ்டோர் கீ என்று மாறியதும் இப்போதுதான். முதல் முறை சோம்பேறித்தனத்தில் ஐந்துக்கும் ஒரே சாவி போட்டிருந்தேன். ஒரு நோடின் சாவி தொலைந்தால் அது டிஸ்க் செத்ததற்குச் சமம். மற்ற இரண்டு பிரதி இருக்கிறது, ஆற அமரச் சரிசெய்யலாம். ஐந்துக்கும் பொதுவான சாவி தொலைந்தால், மூன்று பிரதி வைத்தும் முப்பது பிரதி வைத்தும் பயனில்லை.

இரண்டாவது சுற்றில் புது நோடு எழும்ப மறுத்தது. சாவியின் நீளம் தவறு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. சாவிக் கோப்பு வெறும் பைட்டுகள்: முதல் 32 பைட் அடையாளம், அடுத்து சாவி. 256 பிட் ஏஇஎஸ் என்றால் இன்னொரு 32, மொத்தம் 64. எங்கள் கோப்பு 65 பைட் இருந்தது. ரகசியங்களை வைத்துக்கொடுக்கும் கருவி அதை எழுத்துக் கோப்பு என்று நினைத்துக் கடைசியில் ஒரு வரிமுறிவைச் சேர்த்திருந்தது. காலி நோடாக இருந்ததால் சிரித்துக்கொண்டே சரிசெய்தோம். ஓடிக்கொண்டிருந்த நோடின் மறுதொடக்கத்தில் இது வந்திருந்தால் கதை வேறு. ஐந்து நிமிடம் வராத நோடை இறந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, அதன் பிரதிகளை வேறு இடத்தில் உருவாக்க ஆரம்பித்துவிடும் கிளஸ்டர். அதுதான் இயல்பான அமைப்பு.

வீட்டுக்குள்ளேயே ஒரு திறந்த அறை

பழைய டிஸ்க்கைத் துருவும்போதே இன்னொன்று கண்ணில் பட்டிருந்தது. டேட்டாபேஸ் தன்னுள் நடப்பதை எழுதிவைக்கும் லாக் கோப்புகள். டேட்டாபேஸ் கோப்பகத்துக்கு உள்ளேயே ‘லாக்ஸ்’ என்ற துணைக் கோப்பகம். வேறு இடம் சொல்லாவிட்டால் அங்குதான் எழுதும். குறியாக்கம் அதைத் தொடாது. ஆவணத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

லாக்கில் அப்படி என்ன இருந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எந்த நோடு, எந்த ஸ்டோர், எந்த ரேஞ்ச் என்று ஒரு முத்திரை வரும். ரேஞ்சைச் சொல்லும்போது அது எந்தச் சாவியில் தொடங்குகிறது என்பதும் சேர்ந்துவரும். எங்கள் சாவியோ மொபைல் எண். ஒரு ரேஞ்ச் இரண்டாகப் பிளந்த இடத்தில் யாருடைய எண் இருந்ததோ, அவர் எண் எங்கள் லாக்கில் வரிக்கு வரி பதிந்துகிடந்தது. மெதுவான வினவல்களின் லாக் இன்னும் மோசம். எஸ்க்யூஎல் வரியை மதிப்புகளோடு அப்படியே எழுதிவைத்திருந்தது.

வாடிக்கையாளர் தரவாக இருக்கக்கூடிய பகுதியை லாக்கில் ஒற்றைக் கோண அடைப்புக்குறிக்குள் குறித்துவைக்கும் வசதி இருக்கிறது. அந்தப் பகுதியை எழுதாமலே மறைக்கவும் சொல்லலாம். மறைத்தோம். பிழை தேடும்போது கை ஒடிந்த மாதிரி இருக்கிறது, பரவாயில்லை. புதிய டேபிள்களில் மொபைல் எண் முதன்மைச் சாவியாக வருவதை நிறுத்தினோம். இதைக் குறியாக்கத்துக்காக இல்லாவிட்டாலும் செய்திருக்க வேண்டும்.

பேக்கப்பும் அதே மாதிரி. இந்தக் குறியாக்கம் நோடின் டிஸ்க்கோடு முடிந்துவிடுகிறது. இரவில் எடுக்கும் பேக்கப்புக்குத் தனியாகக் கடவுச்சொற்றொடரோ சாவிச் சேவையோ கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுக்கவில்லை. “கிளவுட்காரனே என்கிரிப்ட் பண்ணித்தானே வைக்கிறான்” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். தவறில்லை. ஆனால் அந்தப் பூட்டு யாருக்குத் திறக்கும் என்று பார்க்க வேண்டும். 2019இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நடந்தது அதுதான். தவறாக அமைந்த ஃபயர்வால் வழியாக உள்ளே வந்தவருக்கு ஒரு சர்வரின் தற்காலிக அடையாளச் சான்று கிடைத்தது. கிளவுட் சேமிப்பில் இருந்த தரவை அந்த அடையாளத்தோடு கேட்டபோது, குறியாக்கம் தன்னால் விலகி வழிவிட்டது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரம் போனது. சமூகப் பாதுகாப்பு எண் போன்ற சில புலங்களை வங்கி தனியாக டோக்கனாக, அதாவது உண்மை எண்ணுக்குப் பதில் நிற்கும் பதிலியாக, மாற்றி வைத்திருந்தது. அப்படி மாற்றியவை தப்பின. மாற்றாமல் கிடந்த சுமார் 1,40,000 எண்கள் போயின. 2020இல் வங்கிக் கட்டுப்பாட்டாளர் போட்ட அபராதம் 8 கோடி டாலர்.

டிஸ்க் குறியாக்கம் காப்பது கழன்றுபோன டிஸ்க்கை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குள் முழு அதிகாரம் உள்ள ரூட்டாக வந்தவனிடமிருந்தோ, எங்கள் மென்பொருளின் கடவுச்சொல்லைப் பிடித்தவனிடமிருந்தோ அது காக்காது. அவனுக்கு டேட்டாபேஸே திறந்துகொடுக்கும். அட்டை எண்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதியின் நான்காம் பதிப்பும் இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டதுதான்: கழற்றி எடுத்துச்செல்லும் ஊடகம் தவிர மற்றவற்றில், முழு டிஸ்க் குறியாக்கம் மட்டும் போதாது என்கிறது, இந்த விதி 2025 மார்ச் 31 முதல் கட்டாயம். நம் ஊரில் 2023ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. எங்கள் மேலாளருக்கு முழுக் கதையையும் விட அந்த ஓர் எண் சீக்கிரம் புரிந்தது.

இன்று கேட்டால் என் யோசனை கொஞ்சம் பழமையானது. சர்வர் சொந்தமாக இருந்தால் முதலில் லினக்ஸின் லக்ஸ் முறையில் முழு டிஸ்க்கையும் பூட்டு. லாக், ஸ்வாப் (நினைவகம் போதாமல் டிஸ்க்கில் வைப்பது), கோர் டம்ப் (நிரல் விழும்போது எழுதப்படும் நினைவகப் பிரதி), நீக்கிய கோப்பின் மிச்சம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். யாரும் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டாம். அதற்குமேல் டேட்டாபேஸின் குறியாக்கம். வாராவாரம் சாவி சுழல்வது லக்ஸில் கிடைக்காது, அங்கே கடவுச்சொல்லை மாற்றினாலும் உள்ளே தரவைப் பூட்டியிருக்கும் சாவி மாறுவதில்லை. ஆதார், மொபைல் போன்ற புலங்களை மென்பொருளிலேயே பூட்டி அனுப்புவது மூன்றாவது. அதில் தேடல் கஷ்டமாகும், மென்பொருள் எழுதுகிறவர்கள் முணுமுணுப்பார்கள். எங்கள் இடத்தில் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தணிக்கை மேடத்துக்கு நானே போன் செய்து, போன முறை போட்ட டிக் தவறு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “சரி தம்பி, எந்தத் தேதியிலிருந்து சரின்னு எழுதிக்கட்டும்?” என்று கேட்டார். ஐந்து நோடுக்கும் ஐந்து தேதி சொன்னேன். படிவத்தில் ஒரு தேதிக்குத்தான் கட்டம் இருந்தது. கடைசித் தேதியைப் போட்டுக்கொண்டார்.

பழைய டிஸ்க்கைத் திருப்பி அனுப்பவில்லை. வாரண்டிப் பணத்தை விட்டுக்கொடுத்து, பக்கத்துப் பட்டறையில் ஐந்து டிஸ்க்கிலும் துளை போட்டு வரச் சொன்னேன். தம்பி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, “எங்கண்ணா போடணும், நடுவுலயா?” என்றான். எஸ்எஸ்டிக்கு நடுவில் தகடு கிடையாது. கழற்றி, ஒவ்வொரு சிப்பாகக் காட்டினேன்.